ஆற்ற கை?

முதல் நாளே அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பலமாக இல்லை. சோற்றில் உட்கார வரும் ஈயை விரட்டுவது போல, இடது கை விரல் நுனியால் ஒரு தட்டு. ஆனால் அறையிலிருந்த இருபது ஆசிரியர்களும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க வந்தவன் நான். இருபத்திரண்டு வயது. சட்டைப் பையில் புதுப் பேனை, கழுத்தில் நாடாவில் தொங்கும் அட்டை. அந்த மிடுக்கு முழுவதும் ஒரே தட்டில் போய்விட்டது.

"கையை எடுங்கோ தம்பி. இது என்ர மவுஸ்."

"இல்லங்க டீச்சர், நீங்க வேற எடத்துல அமுக்கிட்டீங்க. நான் சரி பண்ணித் தர்றேன்."

"நீங்கள் சரிபண்ணினால் உங்களுக்குத்தானே சரிவரும்? எனக்குப் பிழைச்சது பிழைச்சபடிதானே கிடக்கும். கையைப் பின்னால கட்டுங்கோ. வாயால சொல்லுங்கோ."

கட்டினேன். பின்வரிசையில் பிலிமத்தலாவையிலிருந்து வந்த கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல எல்லோரும் அவரை நானா என்போம். "சேருக்கு மொத நாளே வெலங்கு போட்டாச்சு" என்றார் அவர். அறையே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். மவுஸை மட்டும் விடவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. டீச்சர் என்றே சொல்கிறேன். அவருடைய பெயரை ஒருமுறை சொல்லக்கூடாத இடத்தில் சொன்னவன் நான். அதற்குப் பிறகு அதைக் கவனமாக வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. அந்தக் கதைக்கும் வருகிறேன்.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த வருடங்கள் அவை. வடக்கில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கண்டியில் லொறி லொறியாகக் கணினி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமெல்லாம் இனி கணினியில்தான் படிப்பிக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்ட ஆள் இல்லை. ஆகவே நகரத்தில் ஒரு பாடசாலையின் மேல்மாடியில் ஒரு கணினி வள நிலையம் அமைத்து, பத்து நாளுக்கு ஒரு தொகுதியாக ஆசிரியர்களை வரவழைத்தார்கள். தமிழ் மொழி மூலத் தொகுதிகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. அங்கே தமிழ் தெரிந்த பயிற்றுநன் நான் ஒருவன்தான்.

அந்த அறையை இப்போதும் கண்ணை மூடினால் மணக்கிறது. புது பிளாஸ்டிக் மணம், வாசலில் கழற்றிவிட்ட ஈரச் செருப்புகளின் மணம், மதியம் எல்லோருமாகப் பிரிக்கும் சோற்றுப் பார்சல் மணம். கண்டி மழைக்குள் ஏசியும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் கணினி கெட்டுப்போகும் என்று கொழும்பிலிருந்து எழுத்தில் கட்டளை. தெல்தோட்டைப் பக்கத்து டீச்சர்மார் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு நடுங்கும் விரலால் தட்டச்சு செய்வார்கள். "மிஷினுக்குக் காய்ச்சல் வராம இருக்க எங்களுக்குக் காய்ச்சல்" என்பார் நானா.

நான் தெல்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து ஆபிசில் பெருவிரலை மையில் அழுத்தியவர்கள். எங்கள் குடும்பத்தில் பேனையால் பெயர் எழுதிய முதல் ஆள் நான். என் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. படிப்பிக்கும் சேர் அதில் உட்கார்ந்து எதையோ செய்வார். நாங்கள் நாற்பது பேர் சுற்றி நின்று அவருடைய முதுகைப் பார்ப்போம். பிறகு கண்டியில் ஒரு வகுப்பில் சேர்ந்து, மற்றவன் எழும்பிப் போகும்வரை காத்திருந்து, கதிரையில் சூடு ஆறுவதற்குள் நான் உட்கார்ந்து படித்தேன். அப்படிப் பிடித்த வித்தையை எல்லோருக்கும் காட்ட என் கை துடித்துக்கொண்டே இருக்கும். யார் தடுமாறினாலும் மவுஸைப் பிடுங்கி மூன்று நொடியில் முடித்துக் காட்டுவேன். ஆசிரியர்கள் "ஆஹா" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தன்னளவில் டீச்சர் அதை நிறுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கியதும், எனக்கு என்ன தெரியாது என்பது எனக்கே வெளிச்சமானது.

"அங்க அமுக்குங்க டீச்சர்."

"அங்கை எண்டால் எங்கை?"

"மேல. அந்த... சின்னப் பெட்டி."

"மேலை ஒன்பது சின்னப் பெட்டி கிடக்கு தம்பி. ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ. எனக்கு அவசரமில்லை."

என் விரலுக்குத் தெரிந்தது என் வாய்க்குத் தெரியவில்லை. இடமிருந்து மூன்றாவது, பென்சில் படம் போட்டது, அதன் மேல் அம்பைக் கொண்டுபோய் இடது பக்கத்தால் ஒருதரம் அமர்த்தி, விடாமல் இழுத்து... இப்படி ஒவ்வொன்றுக்கும் சொல் தேட வேண்டியிருந்தது. அவர் ஒரு வட்டம் கீற அன்று ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வந்தது முட்டை. பக்கத்து டீச்சருக்கு அதை அவர் பெருமையாகக் காட்டினார்.

"முட்டையெண்டாலும் என்ர முட்டை."

பத்தாம் நாள் முடியும்போது இருபது பேரில் பத்தொன்பது பேர் என் உதவியோடு எல்லாம் செய்து சான்றிதழ் வாங்கிப் போனார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பத்தொன்பது பேரின் பள்ளிக்கூடங்களிலும் கணினிகள் துணி போர்த்தி இருந்தன. நானாவே வாய்விட்டுச் சொன்னார்: "சேர், நீங்க பக்கத்துல நின்டா எல்லாம் வருது. நீங்க பஸ் ஏறின ஒடன எல்லாம் போகுது." டீச்சருடைய பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்த அறையின் சாவி ஆணியில் தொங்குவதே இல்லை. எப்போதும் யாராவது உள்ளே இருப்பார்கள்.

அவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். நகரத்துத் தமிழ்ப் பாடசாலை. அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையில் தனியாகக் குடியிருந்தார். பயிற்சி முடிந்த பிறகும் வாரம் ஒருமுறை அவருடைய வகுப்புக்கு உதவிக்குப் போவேன். உதவி என்று பெயர். நான் செய்ததெல்லாம் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான்.

அவரும் அப்படித்தான் நிற்பார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். அப்படியே வரிசை வரிசையாக நடப்பார். திரைப்பக்கம் குனிவார், மூக்குக் கண்ணாடி வழுக்கும், அதைக்கூட ஏற்றிவிட மாட்டார், முகத்தைச் சுருக்கி மேலே தள்ளுவார். பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஒரு பிள்ளை "செஞ்சிட்டேன் டீச்சர்" என்று எழும்பினால் பாராட்டு வராது. ஒரே ஒரு கேள்விதான் வரும்.

"ஆற்ற கை?"

யாருடைய கை செய்தது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துப் பேச்சு. எங்கள் மலையகத்துப் பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. விளையாட்டுத் திடலில் பந்து அடித்தவனைப் பார்த்து "ஆற்ற கைடா?" என்பார்கள். வகுப்பில், பக்கத்துப் பையன் செய்து கொடுத்திருந்தால் பிள்ளை தலையைக் குனியும். டீச்சர் திட்ட மாட்டார். "அப்ப அழியுங்கோ. இனி உங்கட கையால" என்று விட்டு நகர்ந்துவிடுவார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். மழைக்காக வராந்தாவில் நின்றிருந்தோம்.

"ஊரிலை என்னட்டை இருந்தது ஒரு சோதனைக் குழாய்ப் பெட்டி. இன்னொண்டு வாங்க ஏலாது, பாதை பூட்டு. உடைஞ்சால் முடிஞ்சுது. அதாலை பிள்ளையளைத் தொட விடேல்லை. நானே ஊத்தி, நானே சூடாக்கி, நானே நிறம் மாறினதைக் காட்டினனான். பதினொரு வருசம். பிறகு சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்த நாள் அந்தப் பெட்டியை விட்டிட்டுத்தான் வந்தனான். ஒரு குழாயும் உடையேல்லை, தம்பி. முழுசா, பளபளவெண்டு இருந்தது." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "ஒரு பிள்ளையெண்டாலும் உடைச்சிருக்கலாம்."

அதற்கு மேல் ஊரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது கணினிப் பாடங்கள் சீடி இறுவட்டுகளில் வரும். சிங்களத்தில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது, தமிழ் பிறகு வரும் என்றார்கள். டீச்சர் காத்திருக்கவில்லை. தானே பாடம் செய்யத் தொடங்கினார். மின்சுற்று, இதயம், பூவின் பாகங்கள். எல்லாம் ஒரு மாதிரி அரைகுறையாகவே இருக்கும். இதயத்துக்குக் குழாய்கள் இருக்கும், இரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி இராது. பூவுக்கு இதழ் இருக்கும், பெயர் இராது. அம்புகளும் பெயர்களும் திரையின் அடியில் குவிந்து கிடக்கும். பிள்ளைகள்தான் இழுத்து வைக்க வேண்டும்.

வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். திரையைப் பார்த்தார், குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், பாடம் முடியேல்லைப் போல கிடக்கே?"

"ஓம் சேர். பிள்ளையள் வந்து முடிப்பினம்."

"இல்லை, மேலிடத்துக்கு அனுப்பேக்கை முழுமையா இருக்க வேணுமெல்லே?"

"முழுமையான பாடம் வேணுமெண்டால் புத்தகம் இருக்கே, சேர். அரசாங்கம் இலவசமாத் தருது."

அந்த மனிதர் 'பாடம் பூர்த்தியாகவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். டீச்சர் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்தார். பல மாதம் அது அங்கேயே இருந்தது.

நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அது அவரைப் போல இராது. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை, மெலிந்த பெண். ஒரு அம்பை எடுத்து உரிய இடத்தில் வைக்க அவளால் முடியவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மற்றவர்கள் முடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். டீச்சர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஆறுதலா செய்யுங்கோ." பிள்ளையின் கண்ணில் நீர் தளும்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தேன். டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன். மணி அடிக்கும்வரை அப்படியே போயிற்று. அன்று அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. இது படிப்பிப்பா, பிடிவாதமா என்று பஸ்ஸில் என்னோடு நானே சண்டை பிடித்தேன்.

அந்தப் பிள்ளைக்குக் கண் பார்வை குறைவு என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. திரையிலிருந்த சின்ன அம்பு அவளுக்குத் தெரியவே இல்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். டீச்சர் அன்றே அம்பைப் பெரிதாக்கினார். பெரிதென்றால் தோசைக் கரண்டி அளவு. வகுப்பு முன்னால் நின்று, "போன கிழமை பிழை விட்டது இந்தப் பிள்ளையில்லை. பிழை என்ர" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு வாண்டு மெல்லக் கேட்டான்: "ஆற்ற கை டீச்சர்?"

"என்ர கைதான்டா" என்றார் டீச்சர். அவருடைய காது சிவந்திருந்தது.

எங்கள் தோட்டத்துக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்துக்கும் ஐந்து கணினி வந்திருந்தது. டீச்சருடைய பாடங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, சனிக்கிழமைகளில் நான் அங்கே கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு உட்காருவேன். கரண்ட் போனாலும் பாடம் நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு பாடத்துக்கும் நாற்பது தாளும் அச்சடித்து எடுத்துப் போகச் சொல்வார்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. கலவர நேரத்தில் அப்பா பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகையை மடித்து வைத்திருந்ததற்காக இறக்கி அடிக்கப்பட்டவர். அவருடைய வலது காது அதற்குப் பிறகு கேட்காது. "ஒனக்கு எத்தன தடவ சொல்றது. பஸ்ல போறப்ப தமிழ்ப் பேப்பர கையில வச்சிக்காத சாமி" என்று ஒவ்வொரு முறையும் அம்மா சொல்வார். நான் சிரிப்பேன்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து கணினிக்குக் கணினி ஒத்துப்போகாது. ஒன்றில் அடித்த பாடத்தை, அதே எழுத்துரு இல்லாத இன்னொன்றில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாக, எறும்புப் புற்றைக் கிளறிவிட்டது போல வரும். டீச்சர் அதற்காக எழுத்துருவையும் பென் டிரைவிலேயே போட்டு வைத்திருந்தார். "கடையிலை அடிக்கேக்கை முதல் எழுத்துருவைப் போடுங்கோ. நீங்களே பக்கத்திலை இருந்து, நீங்களே பார்த்து அடியுங்கோ" என்பது கட்டளை.

அந்தச் சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தாள் அச்சடிக்கும் கடையில் ஒரே சனம். கடைக்காரர், "நீங்க போய் சீட் புடிங்க தம்பி, நான் அடிச்சுக் கொண்டாந்து தர்றேன்" என்றார். போய் யன்னலோரம் சீட் பிடித்தேன். பஸ் நகரும் நேரம் அவர் ஓடிவந்து ஒரு தடித்த உறையையும் பென் டிரைவையும் யன்னலால் நீட்டினார். நான் உறையைத் திறந்து பார்க்கவில்லை.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைத் திறந்தார்கள். சிப்பாய் என் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினான். பார்த்தான். திருப்பிப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான்.

அது எளிய மின்சுற்றுப் பாடம். ஒரு மின்கலம், வளைந்து போகும் கம்பி, திறந்திருக்கும் ஆளி என்ற சுவிட்ச், ஒரு மின்குமிழ். பக்கத்தில் பிள்ளைகள் பெயர் எழுத நான்கு வெற்றுக் கட்டங்கள். கீழே கேள்விகள். ஆனால் கேள்விகள் இருந்த இடத்தில் எறும்புப் புற்று. கடைக்காரர் எழுத்துருவைப் போடவில்லை. அம்மா பயந்தது வேறு, நடந்தது வேறு. அந்த நாற்பது தாளிலும் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி நடுவயதுக்காரர். களைத்த முகம். தாளை மேசையில் விரித்து வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"இது என்ன?"

"விஞ்ஞானப் பாடம் சேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு."

"பட்டரி, கம்பி, சுவிட்ச். எனக்கும் தெரியும். இந்த எழுத்து என்ன?"

"தமிழ் சேர்."

அவர் ஒரு கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார். தமிழ் தெரிந்த முஸ்லிம் ஆள், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. தாளைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

"சேர், இது தமிழ் இல்ல."

"தமிழ்தான் சேர். எழுத்துரு மாறிப்போச்சு."

"அப்படியென்றால் நீ வாசி" என்றார் அதிகாரி.

"வாசிக்க ஏலாது சேர்."

"நீ கொண்டுவந்ததை உனக்கே வாசிக்க ஏலாதா?"

அறையில் யாரோ சிரித்தார்கள். பென் டிரைவை அவர்களுடைய கணினியில் போட்டுத் திறந்தார்கள். அங்கேயும் அதே எறும்புப் புற்று. நான் சரிசெய்து காட்டுகிறேன் என்று எழும்பினேன். "கணினியில் கை வைக்காதே!" என்று ஒருவர் என் தோளைப் பிடித்து அமர்த்தினார். சுவரோரம் ஒரு வாங்கு. அதில் உட்கார வைத்தார்கள்.

அதிகாரி கேட்டார்: "இதைச் செய்தது யார்?"

டீச்சரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அந்த நாட்களில் அந்த ஒரு சொல் போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும். நானே அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் கணினிக்காரன், நம்பியிருப்பார்கள். அப்பாவின் காது நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டீச்சருடைய முழுப் பெயரையும், பாடசாலையையும், தொலைபேசி எண்ணையும் சொல்லிவிட்டேன்.

பின்னேரம் நாலு மணிபோல அவர் வந்தார். தனியாக. போக வேண்டாம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று அதிபர் தடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வருவது போலவே வெளிர் நீலச் சேலை, தோளில் பை, மழையில் நனைந்த குடை. குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களோ?" என்றார். நான் தலையாட்டினேன். சாப்பிடவில்லை.

அதிகாரி அவருடைய அடையாள அட்டையை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"யாழ்ப்பாணமா?"

"ஓம்" என்றார் டீச்சர். மற்றதெல்லாம் சிங்களத்தில் பேசினார். நல்ல சிங்களம். "அந்தப் பாடம் நான் செய்தது."

"அப்படியென்றால் உட்காருங்கள். எங்களுக்கு வாசிக்கிற மாதிரி இதைச் செய்து காட்டுங்கள்." கணினி முன்னால் இருந்த கதிரையைக் கொன்ஸ்டபிள் இழுத்துப் போட்டார்.

டீச்சர் உட்காரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன், சேர். என் கை பட்டால், நான் ஏதோ மாற்றிவிட்டேன் என்று நாளைக்கு யாராவது உங்களையே கேட்பார்கள். அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? நீங்கள் உட்காருங்கள். உங்கள் கையால் செய்யுங்கள். நான் சொல்கிறேன்."

ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பொலிஸ் நிலையத்தில் நின்று அதிகாரிக்குக் கட்டளையிடுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதிகாரி அவரையே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இடது பக்கத்துக் கீழ் மூலையில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அம்பை அதன் மேல் கொண்டு போங்கள். இல்லை, அவசரமில்லை. ஆறுதலாக."

அதிகாரியின் மவுஸ் மேசை விளிம்புவரை போய்த் திரும்பியது. கொன்ஸ்டபிள் உதவிக்குக் கை நீட்டினார். "நீங்கள் வேண்டாம். சேர் செய்யட்டும்" என்றார் டீச்சர். அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் நின்ற அதே நிலை. வேறு நேரமாயிருந்தால் சிரித்திருப்பேன்.

வகுப்பில் நான் அவரைப் பெரும்பாலும் முன்னாலிருந்து பார்த்தவன். சுவரோரம் அந்த வாங்கில் இருந்தபோதுதான் அவருடைய பின்பக்கம் எனக்கு நேரே இருந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. நகம் பதிந்த இடம் வெளுத்திருந்தது. குரலில் ஒரு பிசிறு இல்லை. "இப்போது அந்தக் கோப்பை நகல் எடுங்கள். நல்லது. எழுத்துருக்கள் இருக்கிற பெட்டியைத் திறந்து அங்கே போடுங்கள். சரி. இனி பாடத்தைத் திறவுங்கள்."

திரை ஒருதரம் சிமிட்டியது. எறும்புப் புற்றிருந்த இடத்தில் தமிழ்.

கொன்ஸ்டபிள் குனிந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை போல உரக்க, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்: "விளக்கு ஏன் எரியவில்லை? நீங்களே கண்டுபிடியுங்கள்."

பிறகு அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி திரையிலிருந்த ஆளியைக் காட்டினார்.

"இதை அமர்த்தினால் என்ன நடக்கும்?"

"அமர்த்திப் பாருங்கள்" என்றார் டீச்சர்.

கொன்ஸ்டபிள் கணினியிலிருந்து ஒரு அடி பின்னால் வைத்தார். நிச்சயமாகப் பார்த்தேன். அதிகாரியின் விரலும் ஒரு கணம் தயங்கியது. பிறகு அமர்த்தினார்.

மின்குமிழ் மஞ்சளானது.

அவர் மறுபடி அமர்த்தினார். அணைந்தது. மறுபடி. எரிந்தது. நாலு தடவை செய்திருப்பார். கடைசியில் அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, "போகலாம்" என்றார். தாள்களையும் தந்தார். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு டீச்சர் ஊருக்கு மாற்றம் வாங்கிப் போனார். சில மாதம் தொலைபேசியில் பேசினோம், பிறகு எண் மாறிவிட்டது. நான் இன்று தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதே கணினிப் பாடம் படிப்பிக்கிறேன். தமிழ் எழுத்து இப்போது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிறது. பெரிய திரை வந்திருக்கிறது, பாடங்கள் முழுமையாக, நிறமும் பாட்டுமாகக் கொழும்பிலிருந்து வருகின்றன. பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள். அந்த அமைதிதான் சில நேரம் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்போது திரையை நிறுத்திவிட்டு ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிடுவேன்.

அன்று பொலிஸ் நிலையத்தை விட்டு இறங்கி, எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"டீச்சர், ஒங்க பேரச் சொல்லிட்டேங்க. ஒடனயே சொல்லிட்டேன். அடிக்கக்கூட இல்ல."

"பின்ன? செய்தது ஆற்ற கை?"

மேசையில் சிந்திக் கிடந்த சீனியை விரலால் ஒதுக்கினேன்.

"என்ர கை. பிறகு ஆற்ற பேரைச் சொல்லுறது?" என்றார். "ஆனால் தாள் அடிச்சது உங்கட கையில்லை. அது எனக்கு அந்த எழுத்தைப் பார்த்த உடனே தெரியும்."

தேநீர் வந்தது. டீச்சர் கிளாஸை எடுத்தார். அதுவரை பின்னால் ஒளிந்திருந்த கை இப்போது மேசைக்கு மேலே, எல்லோருக்கும் தெரிய, உதறிக்கொண்டிருந்தது. தேநீர் சிந்தி விரலில் வழிந்தது. சுடுகிற தேநீர். கிளாஸைப் பிடிக்க என் கை தானாக நீண்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கையை இழுத்துக்கொண்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தார். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்து, மெல்ல மெல்ல உதட்டுக்குக் கொண்டுபோனார். பாதி சிந்தியது. பாதியைக் குடித்தார்.

அவர் குடித்து முடிக்கும்வரை நான் என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.